பெரிய மீனை விற்றோம், சிறிய மீனைத் தாயாக்கினோம்

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த மூன்று ரோகு மீன்களை எங்கள் குஞ்சுப் பண்ணைத் திண்ணையில் வைத்தார். பத்து மாதம் வளர்ந்த மீன்கள். ஒன்றுகூட அரைக் கிலோ தேறவில்லை. ஒன்றின் முதுகு லேசாக வளைந்திருந்தது, இன்னொன்றுக்குச் செவுள் மூடி பாதிதான் இருந்தது.

"உங்கள் அப்பா காலத்தில் இதே குளத்தில் இதே தவிடும் பிண்ணாக்கும் போட்டு முக்கால் கிலோ எடுத்தேன், தம்பி. தண்ணீர் மாறவில்லை, தீவனம் மாறவில்லை. குஞ்சுதான் மாறிவிட்டது" என்றார். குரலை உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மோர் குடித்துவிட்டு அமைதியாகக் கிளம்பிப் போனார். அது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரத்தநாட்டுக்கு அருகில் அப்பா தொடங்கிய பண்ணை எங்களுடையது. ரோகு, கட்லா, மிர்கால் என்ற மூன்று கெண்டை மீன்களையும் பொரிக்க வைத்து, நுண்குஞ்சாகவும், விரலளவு வளர்ந்த விரலிகளாகவும் விற்கிறோம். ஜூனில் மேட்டூர் திறந்து கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் மூன்று மாதம் இரவு பகல் தெரியாது. அந்த அவசரத்தில் எந்த மீனைத் தாயாக வைத்திருக்கிறோம், அது எங்கிருந்து வந்தது என்பதை யாரும் யோசித்ததில்லை. கண்ணுக்கு வயிறு பெருத்திருந்தால் பெண், அமுக்கினால் பால் வந்தால் ஆண். ஊசி போட்டுத் தொட்டியில் விட்டால் மறுநாள் முட்டை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம்.

தெரிந்த மீன்வளப் பேராசிரியை ஒருவரிடம் மீன்களின் படத்தைக் காட்டினேன். வளைந்த முதுகைப் பார்த்து அவர் உடனே தீர்ப்பு எழுதிவிடவில்லை. பொரிக்கும் தண்ணீர் சூடேறினாலும் வளையும், தீவனத்தில் உயிர்ச்சத்து சி குறைந்தாலும் வளையும் என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குஞ்சு எடுக்கத் தாய் தகப்பனாக வைத்திருக்கும் உங்கள் சினை மீன்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, இவற்றின் பெற்றோர் யார்?"

ரோகுவில் 24 பெண், 6 ஆண் என்றேன். ஆறு பெண்களுக்கு ஒரு தடவை ஊசி போடுவோம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அதே ஆறு ஆண்களையே அடுத்த ஆறு பெண்களுடன் விடுவோம். ஆண் மீனுக்குத் தீனி போட்டு இடத்தை அடைப்பானேன் என்பது எங்கள் கணக்கு. மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டார். ஆணையும் பெண்ணையும் பெருக்கு, 144. அதை நான்கால் பெருக்கு, 576. மொத்த மீன் 30 ஆல் வகு, 19.2. "கண்ணுக்கு 30 மீன் தெரிகிறது, மரபு வழியில் 19 மீன்தான் இருக்கிறது" என்றார். அந்த 19.2-ஐ இரட்டித்து ஒன்றை அதால் வகுத்தால் ஒரு தலைமுறையில் உறவுநெருக்கம், அதாவது சொந்த ரத்தத்துக்குள்ளேயே கலப்பது, எவ்வளவு கூடும் என்பது வரும்: ஏறக்குறைய 2.6 சதவீதம். அதே 30 மீனில் 15 ஆண், 15 பெண் வைத்திருந்தால் 1.7 சதவீதத்தோடு நின்றிருக்கும். ஒரு மீன்கூட அதிகம் வாங்க வேண்டாம், ஒரு பைசா செலவில்லை. இந்தக் கணக்கும்கூட அந்த முப்பதும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்று வைத்துப் போட்டது. எங்களுடையவை பெரும்பாலும் ஒரே இரவில், ஒரே தொட்டியில் பிறந்தவை. அண்ணன் தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருந்தோம், அதுவும் தலைமுறை தலைமுறையாக.

அதைவிடப் பெரிய கோளாறு வேறொன்று. அதை அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தேன். சினை மீனை எப்படிப் பொறுக்குவீர்கள் என்று கேட்டேன். "பொறுக்குவது என்ன? பொங்கலுக்குக் குளத்தை இழுப்போம். வியாபாரி பெரியதையெல்லாம் கொண்டுபோவான். மிச்சம் கிடப்பதை விட்டுவைப்போம், அடுத்த வருடம் சினைக்கு வரும்" என்றார்.

சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. வேகமாக வளர்ந்ததையெல்லாம் குழம்புக்கு அனுப்பிவிட்டு, வளராமல் தங்கியதைத் தாயாக்கியிருக்கிறோம். இதுவும் பொறுக்கியெடுத்துப் பெருக்கும் தேர்வு இனப்பெருக்கம்தான், தலைகீழாகச் செய்தது. அதிலும் இருப்பதில் முதலில் சினைக்கு வருவதற்குத்தான் முதல் ஊசி. சின்ன உடம்பிலேயே சீக்கிரம் பருவத்துக்கு வருகிற மீனையே திரும்பத் திரும்பப் பெருக்கியிருக்கிறோம். அது உடம்பை வளர்க்க வேண்டிய சத்தை முட்டையில் கொட்டுகிற மீன்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்பது பிறகு தெரிந்தது. 1980களிலேயே கர்நாடகத்துக் குஞ்சுப் பண்ணைகளை ஆராய்ந்த ஏக்நாத்தும் டாயிலும் இதையேதான் எழுதியிருக்கிறார்கள்: கொஞ்சம் மீன்களை வைத்தே ஓட்டுவது, தெரியாமலே மந்தமானதைத் தேர்ந்தெடுப்பது. அதே ஏக்நாத் பின்னாளில் பிலிப்பைன்ஸில் திலேப்பியா மேம்பாட்டு வேலையில் ஈடுபட்டார், புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சவுத்ரி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை மீனை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்றும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன்பு குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்ட வேண்டும். சிரமம்தான், கூடவே வேண்டாத மீனும் வரும். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆறு புதிய பெற்றோரைக் கொடுத்தது. ஊசி வந்தபிறகு ஆற்றுக்குப் போகிற வேலை ஒழிந்தது, புது ரத்தம் வருகிற கதவும் அதோடு சாத்திக்கொண்டது.

கதவைத் திறந்தவர்கள் எப்படித் திறந்தார்கள் என்பதற்கு ஜெயந்தி ரோகு நல்ல உதாரணம். 1992 இல் புவனேஸ்வரம் நிறுவனம் நார்வேயின் ஆக்வாஃபோர்ஸ்க் நிறுவனத்தோடு சேர்ந்து வேலையைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆறுகளின் ரோகுவையும், தங்கள் பண்ணை ரோகுவையும் அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜோடியின் குஞ்சையும் தனியாக வளர்த்து, அடையாளச் சில்லு செலுத்தி, பிறகு ஒரே குளத்தில் விட்டு, எந்தக் குடும்பம் வளர்கிறது என்று எடைபோட்டுப் பார்த்தார்கள். 1997 இல், சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டில் வெளியானதால் ஜெயந்தி என்று பெயர். தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத வளர்ச்சி கூடியது. ஏக்நாத் ஈடுபட்ட அந்தப் பிலிப்பைன்ஸ் வேலையில் உருவான கிஃப்ட் திலேப்பியாவும் இதே வழிதான். 1988 இல் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டுக் காட்டு மீன்களையும், ஆசியப் பண்ணைகளில் இருந்த நான்கு வகைகளையும் கலந்து ஆரம்பித்தார்கள். இரண்டிலும் முதல் வேலை பலதரப்பட்ட ரத்தத்தைச் சேர்ப்பது. தேர்வு அதற்கப்புறம்தான். நாங்கள் முதல் படியையே இடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

இதைச் சொன்னாலே சிலர், "மரபணு மாற்றிய மீனா? சாப்பிடலாமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அமெரிக்காவில் 2015 இல் அனுமதி பெற்ற ஒரு சால்மன் இருக்கிறது, வேறொரு சால்மன் இனத்தின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை அதற்குள் வைத்திருக்கிறார்கள். அது மரபணு மாற்றம். ஜெயந்தியில் வெளியிலிருந்து எதையும் நுழைக்கவில்லை. நம் முன்னோர் விதைநெல்லுக்கு நல்ல கதிரைப் பொறுக்கிவைத்த அதே வேலையை, எடைத்தராசும் கணக்குப் புத்தகமும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

எனக்கு அவசரம். ஒரு தரகர் மூலம் "அசல் ஜெயந்தி" என்று விரலிகள் வாங்கினேன். பில் உண்டு, ஆனால் எந்தத் தலைமுறை, எந்த இடத்திலிருந்து பெருக்கியது என்ற சீட்டு இல்லை. வளர்ந்தபிறகு பார்த்தால் எங்கள் பழைய ரோகுவுக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருந்தது. ஒரு வருடம் வீண். அதன் பிறகு சென்னை போய்க் கோரமண்டல் ரயிலில் ஏறி, புவனேஸ்வரத்தை ஒட்டிய கௌசல்யாகங்காவுக்கே போனேன். ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் இளங்குஞ்சுகளை எடுத்து வந்தேன். கட்டுவதற்கு முந்தின நாள் குஞ்சுகளுக்குத் தீனி போடாமல் குடலைக் காலியாக வைத்திருந்தார்கள், இல்லையென்றால் பைத் தண்ணீர் கெட்டுப் பாதி வழியிலேயே முடிந்துவிடும். ஒரே பையில் வாங்காமல் வெவ்வேறு ஜோடிகளின் குஞ்சுகள் கலந்ததாகக் கேட்டு வாங்கினேன். அதுவரை செய்த வேலைகளில் புத்திசாலித்தனமானது அந்த ஒன்றுதான்.

வந்ததும் மறுபடி தப்பு செய்தேன். புதுக் குஞ்சுகளை எங்கள் ஆகச் சிறந்த குளத்தில் விட்டேன். பழைய ரோகு வழக்கமான குளத்தில். புதியது ஒன்றரை மடங்கு வளர்ந்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேராசிரியை கேட்டுவிட்டு, "குளத்தை ஜெயிக்க வைத்திருக்கிறீர்கள், மீனை அல்ல" என்றார்.

அடுத்த வருடம் அவர் சொன்னபடி செய்தேன். எந்தப் பண்ணைக்காரரும் செய்யக்கூடிய சோதனை இது, ஆய்வகம் வேண்டாம். ஒரே வாரத்தில் பிறந்த, ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரண்டு வகை விரலிகளிலும் சம எண்ணிக்கை எடுக்க வேண்டும். புதியதற்கு இடது வயிற்றுத் துடுப்பையும் பழையதற்கு வலது வயிற்றுத் துடுப்பையும் அடியோடு கத்தரிக்க வேண்டும். ஒரு வகைக்கு மட்டும் கத்தரித்தால் அந்தக் காயத்தின் பாதிப்பும் கணக்கில் கலந்துவிடும், அதனால்தான் இரண்டுக்கும். எல்லாவற்றையும் ஒரே குளத்தில் விட்டுவிட வேண்டும். துடுப்பு மறுபடி முளைத்தாலும் கோணலாக முளைக்கும், விரலால் தடவினாலே தெரியும். எட்டு மாதம் கழித்து இழுத்து, ஒவ்வொன்றிலும் நூறு எடைபோட்டோம். புதியது சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நான் தம்பட்டம் அடித்த ஒன்றரை மடங்கு கரைந்துபோனது. ஆனால் இந்த ஐந்தில் ஒரு பங்கு நிஜம். அதே தீவனத்தில் கிடைத்தது.

மூன்றாவது தப்பு, இனிமேல் பெரியதைத்தான் வைப்பேன் என்ற வீம்பில் நடந்தது. நாற்றங்கால் குளத்திலிருந்து முப்பது பெரிய விரலிகளைப் பொறுக்கித் தனியே விட்டேன். அவற்றில் பல, இரண்டு நாள் முந்திப் பிறந்து, மற்றவற்றின் தீனியையும் சேர்த்துத் தின்று கொழுத்தவை. முந்திக்கொண்டது வேறு, வளரும் குணத்தோடு பிறந்தது வேறு. முந்தியது தன் கொழுப்பைப் பிள்ளைக்குக் கொடுக்காது. அதோடு அந்த முப்பதும் இரண்டே இரண்டு தாய்களின் பிள்ளைகளாக இருக்கலாம். வேகத்தைப் பிடிக்கப் போய் உறவுநெருக்கத்தில் மறுபடி விழப் பார்த்தேன்.

அதனால் இப்போது ஜோடி ஜோடியாகப் பொரிக்கிறோம். அந்த இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். மாலை ஐந்து மணிக்கு வலை இழுப்பு. எங்களிடம் முப்பது வருடமாக வலை பிடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடியே மீனின் மார்புத் துடுப்பைக் கட்டைவிரலால் தேய்ப்பார். சொரசொரப்பாக இருந்தால் ஆண், வழவழப்பாக இருந்தால் பெண். அவர் சொல்லிப் பிசகியதில்லை. மீனை ஈரத்துணியில் பொதிந்து கொண்டுவந்து, தலைக்குப் பின்னால் கருவியைக் காட்டினால் உள்ளே இருக்கும் நெல்மணி அளவுச் சில்லு தன் எண்ணைச் சொல்லும். நோட்டைப் பிரித்து, இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒரே குடும்பமா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி. முட்டையிடத் தூண்டும் ஒவாப்ரிம் மருந்து, பெண்ணுக்குக் கிலோவுக்கு அரை மில்லிலிட்டருக்கும் குறைவு, ஆணுக்கு அதில் பாதி. ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனித் துணித்தொட்டியில் விடுகிறோம், ஹாப்பா என்போமே, அது. பன்னிரண்டு ஜோடி, பன்னிரண்டு ஹாப்பா, கம்பில் பெயிண்டில் எழுதிய எண். விடியற்காலையில் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்கும். விளக்கடித்துப் பார்த்தால் ஜவ்வரிசி போல முட்டை ஊறிக் கிடக்கும். எல்லா ஹாப்பாவிலும் கிடக்காது. இரண்டு மூன்று ஜோடி ஏமாற்றும். முன்பெல்லாம் பொதுத் தொட்டியில் யார் முட்டையிட்டார், யார் சும்மா இருந்தார் என்றே தெரியாது. ஆறு பெண்ணுக்கு ஊசி போட்டு, இரண்டு பெண்ணின் குஞ்சுகளை ஆறின் குஞ்சுகள் என்று எத்தனை வருடம் நம்பியிருக்கிறோமோ.

குஞ்சு வந்ததும் குடும்பத்துக்கு ஐந்நூறு என்று சமமாக எண்ணி வளர்க்கிறோம். ஒரு ஹாப்பாவில் ஆயிரம், இன்னொன்றில் இருநூறு என்று விட்டால் நெருக்கடியே எடையைத் தீர்மானித்துவிடும். சில்லு போடும் அளவு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே குளத்தில் கலந்துவிட்டு, வளர்ந்தபின் ஒவ்வொரு குடும்பத்திலும் முதலில் நிற்கும் சில ஆண்களையும் சில பெண்களையும் மட்டும் எடுக்கிறோம். ஒரு குடும்பமே மட்டமாக இருந்தால் அதை முழுதாக விட்டுவிடுகிறோம். சினை மீன்களை அ, ஆ, இ என்று மூன்று குழுவாக வைத்திருக்கிறோம். அ-வின் ஆண் ஆ-வின் பெண்ணுக்கு, ஆ-வின் ஆண் இ-க்கு, இ-யின் ஆண் அ-வுக்கு. சில்லும் கருவியும் வாங்க முடியாதவர்கள் இந்த மூன்று குளச் சுழற்சியை மட்டும் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இதற்கு மூன்று குளமும் ஒரு நோட்டும் போதும்.

கட்லா கதை தனி. எங்கள் கட்லாவில் சில மீன்களுக்குத் தலை சிறுத்திருந்தது, உதடும் கட்லா போல மேல்நோக்கித் திரும்பவில்லை. பெரியவர் அவற்றை "இரண்டும்கெட்டான்" என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார். நாங்கள் சிரித்துவிட்டு விட்டோம். துடுப்பு நுனியைக் கத்தரித்துச் சாராயத்தில் போட்டு டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியபோது, அவை கட்லா ரோகுக் கலப்பு என்று வந்தது. ஒரே இரவில் இரண்டு இனத்துக்கும் ஊசி போட்டு, இடம் போதாமல் ஒரே வட்டத் தொட்டியில் விட்டதன் விளைவு. இந்தக் கலப்பு மலடும் இல்லை, ரோகுவைவிட வேகமாகவும் வளரும். அதனால்தான் ஆபத்து, வளர்கிறதே என்று அதையே தாயாக்கிவிடுவோம். இரண்டு தலைமுறையில் சுத்தமான கட்லாவும் இருக்காது, சுத்தமான ரோகுவும் இருக்காது. எல்லாவற்றையும் சந்தைக்கு அனுப்பிவிட்டோம். டிஎன்ஏ சோதனைக்கு நான் செலவு செய்ததில் நியாயமாகப் பட்டது இந்த ஒரு இடம்தான். மற்றதற்கெல்லாம் எடைத்தராசே போதுமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சக பண்ணைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும். நாங்கள் இனத்தை மேம்படுத்துகிறவர்கள் இல்லை. அதற்கு நூற்றுக்கணக்கான குடும்பம், ஆட்கள், பல வருடக் கணக்கு வேண்டும். நிறுவனம் மேம்படுத்தியதைக் கெடுக்காமல் பெருக்கிக் கொடுப்பதுதான் நம் வேலை. சில வருடத்துக்கு ஒருமுறை அங்கே போய்ப் புதிய தலைமுறையை எடுத்துவர வேண்டும். அங்கே மீன் முன்னேறிக்கொண்டே இருக்கும்போது, ஒருமுறை வாங்கியதை வைத்துக்கொண்டு பத்து வருடம் "ஜெயந்தி கிடைக்கும்" என்று பலகை மாட்டுவது, பழைய விதைநெல் மூட்டையில் புது லேபிள் ஒட்டுவது போலத்தான். குளம் வெட்டி வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குஞ்சு வாங்கும்போது விலையைக் கேட்கிறீர்கள், சினை மீனைக் காட்டு என்று கேட்பதில்லை. கேளுங்கள். ஆண் எத்தனை என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறுகிறவரைப் பார்த்தால் பழைய நான்தான் ஞாபகத்துக்கு வருகிறேன். நல்ல குஞ்சு வாங்கிவிட்டுத் தீவனத்தில் கை வைத்தாலும் பயனில்லை. வேகமாக வளரும் குணம், தின்னக் கிடைத்தால்தான் வெளியே தெரியும்.

போன தை மாதம் குளம் இழுத்தபோது மூன்றே கால் கிலோவில் ஒரு பெண் ரோகு வந்தது. வியாபாரி கண்ணை எடுக்கவில்லை. நான் சில்லைப் பார்த்துவிட்டு, கொண்டுபோங்கள் என்றேன். அப்பா பதறிவிட்டார்.

"பெரிய மீனை விற்றுத்தான் கெட்டோம் என்று வருடம் முழுக்க எனக்குப் பாடம் நடத்தினாயே?"

"ஏழாம் குடும்பத்து மீன், அப்பா. அதன் அக்கா தங்கை ஆறு பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள்" என்று நோட்டைக் காட்டினேன். நான்காம் குடும்பத்தில் இரண்டே பெண்கள்தான் இருந்தன. அதனால் இரண்டு கிலோகூட இல்லாத ஒன்றைத் திருப்பிக் குளத்தில் விட்டேன்.

அப்பா நோட்டைத் தூரத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தார். பிறகு தராசில் இருந்த அந்தப் பெரிய மீனைத் தடவிக் கொடுத்துவிட்டு, வியாபாரியிடம் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்க ஆரம்பித்தார்.